அழைத்தவர் யார்? கடல் கடந்த குறுகியகால அருட்பணி குறித்து

கிறிஸ்தவத் திருச்சபைகளின் உறுப்பினர்கள் தம் வேலையையும் படிப்பையும் சில வாரங்களுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, சொந்தப் பணத்திலோ சபையார் திரட்டித் தந்த காணிக்கையிலோ அயல்நாடு சென்று, அங்கே வீடு கட்டுதல், மருத்துவ முகாம் நடத்துதல், சிறுவர்களுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துதல், நற்செய்தி சொல்லுதல் முதலிய பணிகளில் ஈடுபட்டுத் திரும்பும் வழக்கத்தைக் குறுகியகால அருட்பணி என்பர். ஒரு வாரம் முதல் இரண்டாண்டு வரையிலான பயணங்கள் இப்பெயருக்குள் அடங்குமாயினும், இன்று பெருவாரியாக நடப்பவை ஓரிரு வாரப் பயணங்களே. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலிருந்து மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 16 லட்சம் சபை உறுப்பினர்கள் இவ்வாறு வெளிநாடு செல்வதாகச் சமூகவியலாளர் ராபர்ட் வத்னோ 2009-இல் வெளிவந்த தம் நூலில் மதிப்பிட்டார். தென்கொரியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்தும் தொண்டர்கள் புறப்பட்டவண்ணம் இருக்கின்றனர். இத்தனை பேருடைய நல்லெண்ணமும் பணமும் உழைப்பும் சென்று சேரும் ஊரில் என்ன விளைகிறது என்பதே இவ்வுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. அதற்கான விடை, செல்பவருடைய ஆர்வத்தைக் காட்டிலும், அவரை அழைத்தவர் யார், அங்கே வேலையை வகுத்தவர் யார் என்பதைப் பொறுத்தே அமைகிறது என்பது இவ்வுரையின் நிலைப்பாடு.

இவ்வழக்கம் பிறந்த விதத்தைச் சுருக்கமாகவேனும் பார்த்தல் வேண்டும். 1886-ஆம் ஆண்டுக் கோடையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மவுண்ட் ஹெர்மன் என்ற இடத்தில், நற்செய்தியாளர் டுவைட் மூடி கூட்டிய மாணவர் மாநாட்டில், நூறு இளைஞர்கள் அயல்நாட்டு அருட்பணிக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தனர். அவர்களைத் தூண்டியவர்களுள் முதன்மையான ராபர்ட் வைல்டர், மகாராஷ்டிரத்தின் கோலாப்பூரில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1888-இல் மாணவர் தன்னார்வ இயக்கம் என்ற அமைப்பாக உருப்பெற்ற அம்முயற்சி, அடுத்த அரை நூற்றாண்டுக்குள் சுமார் 20,000 பேரைக் கடல் கடந்து அனுப்பியது. அன்று கையொப்பமிட்ட இளைஞர் தம் வாழ்நாளையே எழுதிக் கொடுத்தார். கப்பலேறிப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அவ்வூர் மொழியைக் கற்றார். பலர் தம் பிள்ளைகளை அம்மண்ணிலேயே அடக்கம் செய்தனர். தாமும் அங்கேயே அடங்கினர். அவர்களுடைய பணியில் ஆதிக்க மனப்பான்மை கலந்திருந்ததை யாரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் தாம் செய்த தவறு என்னவென்று கண்டு திருத்திக்கொள்வதற்கான காலம் அவர்களுக்கு இருந்தது. 1957-இல் ஜார்ஜ் வெர்வர் என்ற கல்லூரி மாணவர் நண்பர் இருவருடன் ஒரு பழைய லாரியில் ஸ்பானிய மொழி நற்செய்தி நூல்களை ஏற்றிக்கொண்டு மெக்சிகோவுக்குச் சென்றதும், 1960-இல் லோரன் கன்னிங்காம் இளைஞர்களைக் குறுகிய காலத்துக்கு அனுப்பும் பணிக்கென ஓர் அமைப்பைத் தொடங்கியதும், அதே காலத்தில் ஜெட் விமானம் பொதுமக்களின் கைக்கு எட்டியதும் சேர்ந்து இந்நிலையை அடியோடு மாற்றின. ஒரு மனிதரின் வாழ்நாள் முழுவதையும் கேட்ட பணி, அவருடைய கோடை விடுமுறையை மட்டும் கேட்கத் தொடங்கியது.

மாற்றம் வேரூன்றிக்கொண்டிருந்த அக்காலத்திலேயே அதற்கு எதிரான குரலும் திருச்சபைக்கு உள்ளிருந்தே எழுந்தது. வியன்னாவில் பிறந்து, நியூயார்க் நகரில் புவேர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்த குடியேறிகளிடையே பங்குக்குருவாகப் பணியாற்றிய இவான் இல்லிச், பின்னர் மெக்சிகோவின் குவர்னவாக்கா நகரில், இலத்தீன் அமெரிக்காவுக்கு வரும் அருட்பணியாளர்களுக்கு மொழியும் பண்பாடும் கற்பிக்கும் மையம் ஒன்றை நடத்தினார். வட அமெரிக்கத் துறவியரில் பத்தில் ஒரு பங்கினர் இலத்தீன் அமெரிக்காவுக்குச் செல்லவேண்டும் என்று 1961-இல் வத்திக்கான் விடுத்த அழைப்பை அவர் வெளிப்படையாக எதிர்த்தார். அவ்வெதிர்ப்பை 1967-இல் இயேசு சபையினரின் அமெரிக்க வார இதழிலேயே எழுதினார். 1968 ஏப்ரல் 20 அன்று, மெக்சிகோவின் சிற்றூர்களுக்குக் கோடைக்காலத் தொண்டுக்குப் புறப்படவிருந்த மாணவர்களின் மாநாட்டில் அவர் ஆற்றிய உரை, இத்துறையில் இன்றுவரை மிகுதியாகப் படிக்கப்படுவது. மொழி தெரியாமல், அழைப்பு இல்லாமல், தம் நாட்டின் வாழ்க்கை முறையையே நன்மையாகச் சுமந்துகொண்டு ஏழைகளிடம் சென்று நிற்பது அவர்களை அவமதிப்பதாகும் என்பது அவ்வுரையின் சாரம். வேடிக்கை பார்க்க வாருங்கள், கற்றுக்கொள்ள வாருங்கள், உதவி செய்யவென்று மட்டும் வராதீர்கள் என்ற பொருள்பட அவர் அதை முடித்தார். அவருடைய முடிவு கடுமையானது, முழுமையாக ஏற்கத்தக்கதன்று. ஆனால் உதவி பெறுபவருக்கு மறுக்கும் உரிமை இருக்கிறதா என்று அவர் எழுப்பிய கேள்விக்கு அருட்பணி அமைப்புகள் பெரும்பாலும் நேர்முகமாகப் பதில் சொல்லவில்லை.

இல்லிச்சின் கேள்வியை முப்பதாண்டுகளுக்குப் பின் புள்ளிவிவரத்தோடு சோதிக்கும் வாய்ப்பை ஒரு பேரிடர் ஏற்படுத்தியது. 1998 அக்டோபர் இறுதியில் மிட்ச் என்னும் புயல் நடு அமெரிக்காவைத் தாக்கி, ஹோண்டுராஸ், நிக்கராகுவா நாடுகளில் நாள்கணக்கில் மழை கொட்டியதில், மலைச்சரிவுகள் பெயர்ந்தும் ஆறுகள் கரை புரண்டும் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பல்லாயிரம் குடும்பங்கள் வீடிழந்தன. வட அமெரிக்கச் சபைகள் மனமிரங்கின; ஆயிரக்கணக்கான தொண்டர்கள் குழுக்குழுவாக ஹோண்டுராஸ் வந்திறங்கினர். அந்நாட்டிலேயே பல்லாண்டு வாழ்ந்து, நீதிக்கான கிறிஸ்தவ அமைப்பொன்றைத் தொடங்கியவர்களுள் ஒருவரான கால்வின் கல்லூரிப் பேராசிரியர் கர்ட் வெர் பீக், இக்குழுக்கள் கட்டிய வீடுகளையும் உள்ளூர் அமைப்புகள் கட்டிய வீடுகளையும் ஒப்பிட்டு ஆய்ந்து, 2006-இல் அருட்பணியியல் இதழொன்றில் வெளியிட்டார். விமானக் கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், வந்து கட்டிய குழுவொன்று சராசரியாக 30,000 டாலர் செலவிட்டு ஒரு வீட்டை எழுப்பியது. அதே வீட்டை உள்ளூர் அமைப்பு 2,000 டாலரில் எழுப்பியது. ஒரு வீட்டுக்குச் செலவான பணத்தில் பதினைந்து குடும்பங்கள் கூரையின் கீழ் உறங்கியிருக்க முடியும்.

இந்தக் கணக்கின் பொருள் விளங்க, இத்தகைய கட்டுமானக் களம் ஒன்றில் வேலை நடக்கும் முறையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். காலை ஜெபம் முடிந்து களத்துக்கு வரும் பதினைந்து பேரில் கரணை பிடித்தறிந்தவர் ஒருவரோ இருவரோ இருப்பார். ஏனையோர் வரிசையாக நின்று சிமெண்ட் பிளாக்குகளைக் கைமாற்றிக் கொடுப்பர், மணலைச் சலிப்பர், மண்வெட்டியால் கலவையைப் புரட்டுவர். உள்ளூர்க் கொத்தனார் மூலைக்கல்லை வைத்து நூல் கட்டிக் கொடுக்க, தொண்டர்கள் அந்த நூலை ஒட்டிப் பிளாக்குகளை அடுக்குவர். முதல் நாளில் எழும் வரிகள் பெரும்பாலும் நூலை விட்டு விலகியே இருக்கும். இரண்டு கல்லுக்கு இடையிலான கலவை ஓரிடத்தில் விரற்கடையும் வேறோரிடத்தில் அதன் மும்மடங்கும் இருக்கும். விருந்தினர் மதிய உணவுக்குச் சென்றபின், கொத்தனார் தூக்குக்குண்டை விட்டுப் பார்த்து, ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, இறுகாத கல்லை எடுத்துச் சுரண்டித் திரும்ப வைப்பார். நிலநடுக்கமும் புயலும் வரும் நாட்டில் கோணிய சுவரை அப்படியே விட முடியாது. அவருடைய நாட்கூலி, ஒரு தொண்டரின் விமானச் சீட்டுக்கு முன்னே மிகச் சிறிய தொகை. அவருக்கும் அவரைப் போன்ற இருவருக்கும் சித்தாளுக்கும் அந்த வாரம் முழுவதும் கூலி கிடைத்திருந்தால், புயலில் வேலையும் இழந்த மூன்று குடும்பங்களில் அடுப்பெரிந்திருக்கும். வேலையில்லாதவர் நிறைந்த ஊரில் வெளியூரார் இலவசமாகச் செய்யும் உடலுழைப்பு உள்ளூராரின் கூலியைப் பறிக்கக்கூடும் என்ற உண்மை, பயணத் திட்டங்களை வகுப்போர் பலருடைய கவனத்துக்கு வருவதேயில்லை.

வெர் பீக்கின் ஆய்வில் இதைவிடக் கவனத்துக்குரியவை வேறு இரண்டு. முதலாவது, இருவகை வீடுகளிலும் குடியேறியவர்களிடையே, வெளிநாட்டார் கட்டிக் கொடுத்ததால் தனியான ஆன்மிக மாற்றமோ சமூக மாற்றமோ நிகழ்ந்ததாகக் காண முடியவில்லை. இயன்றால் அப்பணத்தை அனுப்பி உள்ளூராரைக் கொண்டு கூடுதல் வீடுகள் கட்டியிருக்கலாம் என்றே குடியேறியவர்கள் பலர் கருதினர். இரண்டாவது, பயணம் தம் வாழ்க்கையை மாற்றிவிட்டதாகத் தொண்டர்கள் மனமாரச் சொன்னபோதிலும், திரும்பிய பிறகான அவர்களுடைய ஜெபத்திலும் கொடையிலும் தொடர்ச்சியான பெரிய மாற்றம் எதையும் ஆய்வு காட்டவில்லை. குறுகியகாலப் பயணத்துக்கு ஆதரவாக வழக்கமாக முன்வைக்கப்படும் வாதம், பெறுபவருக்குப் பயன் குறைவாயினும் செல்பவர் வாழ்நாள் முழுவதும் ஏழைகளின் பக்கம் நிற்பவராக மாறுகிறார் என்பதாகும். அம்மாற்றம் தானாக நிகழ்வதில்லை என்பதையும், பயணத்துக்கு முன்னும் பின்னும் வழிகாட்டும் ஆசிரியர் இல்லாதபோது வாரத்தின் நெகிழ்ச்சி மாதத்துக்குள் கரைந்துவிடுகிறது என்பதையும் இவ்வாய்வு உணர்த்துகிறது.

ஆயினும் பணக் கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதுவது நியாயமாகாது. பயணம் போகாவிட்டால் அந்த 30,000 டாலரைத் தொண்டர்கள் அப்படியே ஹோண்டுராசுக்கு அனுப்பியிருப்பர் என்று கொள்ள இடமில்லை. நேரில் பார்க்கப்போகும் ஊருக்காகவே பெரும்பாலோர் பணம் திரட்டுகின்றனர். அன்றியும், மனிதர் மனிதரைத் தேடி வந்து ஒரு பந்தியில் உண்பதற்கு டாலரில் விலை கட்ட முடியாது. மானிடவியலாளர் ராபர்ட் பிரீஸ்ட் பெரு நாட்டின் லீமா நகரத்துச் சபைகளை ஆராய்ந்து கண்ட செய்தி இங்கே பொருந்தும். கத்தோலிக்கர் பெரும்பான்மையினராக வாழும் அந்நகரில், புராட்டஸ்டண்ட் சபையொன்று தனியாகச் சென்றால் கதவு திறக்காத பள்ளிகளும் மருத்துவமனைகளும் சிறைச்சாலைகளும், வெளிநாட்டு விருந்தினர் குழுவோடு சென்றபோது திறந்தன. விருந்தினர் ஊர் திரும்பிய பின்னரும் அத்தொடர்பு சபையிடமே நின்றது. சமூகப் படிநிலையில் கீழே இருப்போர் மேலே இருப்போரோடு கொள்ளும் இத்தகைய உறவை இணைக்கும் சமூக மூலதனம் என்று சமூகவியலார் அழைப்பர். லீமாவில் அது கைகூடியதற்குக் காரணம் வெளிப்படையானது: எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்பதை லீமாவின் போதகர்களே முடிவு செய்தனர், விருந்தினர்கள் அவர்கள் அழைத்துச் சென்ற இடத்துக்குச் சென்றனர்.

குழந்தைகளை வைத்து நடக்கும் பணிகளைப் பற்றிப் பேசும்போது இத்தகைய சமநிலைக்கு இடமில்லை. பல பயணத் திட்டங்களில் அனாதை இல்லத்தில் ஒரு வாரம் என்பது தவறாத அங்கமாக இருந்துவருகிறது. ஹெய்ட்டி நாட்டின் இல்லங்களில் வாழும் சுமார் 30,000 பிள்ளைகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதாகக் குழந்தை நல அமைப்புகள் மதிப்பிட்டுள்ளன. வறுமையால் பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோர், அங்கே படிப்பும் சோறும் கிடைக்கும் என்று நம்புகின்றனர். இல்லங்களோ, வரும் விருந்தினரின் காணிக்கையை நம்பி நடப்பதால், பிள்ளைகளை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதில் ஆர்வம் காட்டுவதில்லை. வந்த தொண்டர் மடியில் தூக்கி வைத்துக்கொண்ட பிள்ளை, ஏழாம் நாள் அவர் பேருந்தேறும்போது அழுகிறது. அடுத்த வாரம் வேறொரு குழு வருகிறது. பற்று வைப்பதும் அது அறுபடுவதும் திரும்பத் திரும்ப நிகழும் குழந்தை, பிற்காலத்தில் யாரிடமும் நிலையான பற்று வைக்க முடியாமல் தவிப்பதை உளவியலார் நெடுங்காலமாக எடுத்துரைத்து வருகின்றனர். 2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியில் நேர்ந்த நிலநடுக்கத்துக்குப் பின்னர், அமெரிக்கச் சபைகளைச் சேர்ந்த பத்துத் தொண்டர்கள் 33 குழந்தைகளை உரிய ஆவணமின்றி அண்டை நாடான டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுசெல்ல முயன்று எல்லையில் தடுத்து வைக்கப்பட்டனர். அக்குழந்தைகளுள் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருந்தனர் என்பது பின்னர் தெரியவந்தது. இரக்கத்தின் பெயரால் நடந்த அச்செயல், ஒரு நாட்டின் சட்டத்தையும் ஒரு தாயின் உரிமையையும் ஒருசேரப் பொருட்படுத்தாமல் விட்டது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை குழந்தை உரிமைகள் குறித்து நிறைவேற்றிய தீர்மானம், அனாதை இல்லத் தொண்டுச் சுற்றுலா விளைவிக்கும் தீங்கைக் குறிப்பிட்டே கண்டித்தது. இவ்வகைப் பணியைச் சீர்திருத்தலாம் என்று எண்ணுவதைக் காட்டிலும் அடியோடு கைவிடுவதே தகும். அப்பணத்தில் பிள்ளை தன் வீட்டிலேயே வளர்வதற்கான பள்ளிக் கட்டணத்தைச் செலுத்தலாம்.

குறுகிய காலம் என்பதாலேயே ஒரு பணி பயனற்றதாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. அதற்குச் சான்று மருத்துவமனைக் கப்பல்கள். 1978-இல் டான் ஸ்டீபன்ஸ், டெயான் ஸ்டீபன்ஸ் தம்பதியர் தொடங்கிய மெர்சி ஷிப்ஸ் என்ற கிறிஸ்தவ அமைப்பு, ஒரு பழைய இத்தாலியப் பயணிகள் கப்பலை வாங்கி அனஸ்டாசிஸ் என்று பெயரிட்டு மருத்துவமனையாக மாற்றியது. பின்னர் டென்மார்க்கின் ரயில் ஏற்றும் கப்பலொன்று ஆப்பிரிக்கா மெர்சி என்ற பெயரில் 2007 முதல் அப்பணியைத் தொடர்ந்தது. மருத்துவமனையாகவே வடிவமைத்துக் கட்டப்பட்ட குளோபல் மெர்சி 2021-இல் ஒப்படைக்கப்பட்டது. ஆறு அறுவைக் கூடங்களைக் கொண்ட அக்கப்பலில் பணிபுரியும் அறுவை மருத்துவரும் செவிலியரும் சமையற்காரரும் மின்பணியாளரும் சம்பளம் பெறுவதில்லை, பலர் தம் தங்கும் செலவையும் தாமே செலுத்துகின்றனர். சிலர் இரண்டு வாரம் இருப்பர், சிலர் ஆண்டுக்கணக்கில். 1987-இல் சில மாதங்களுக்கென்று வந்த முகத்தாடை அறுவை மருத்துவர் கேரி பார்க்கர், அங்கேயே பல பத்தாண்டுகள் தங்கிவிட்டார்.

இக்கப்பலின் வேலை முறையைக் கவனித்தால், இரண்டு வாரம் மட்டும் வந்து போகும் கண் மருத்துவர் எப்படிப் பயன்படுகிறார் என்பது விளங்கும். துறைமுகம் சேர்வதற்குப் பல மாதம் முன்பே அந்நாட்டு அரசோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. முன்செல்லும் குழு உள்நாட்டுப் பகுதிகளுக்குச் சென்று நோயாளிகளைப் பதிவு செய்கிறது. பிளந்த உதடு, தாடையில் வளர்ந்து முகத்தை மறைத்த கட்டி, வளைந்த கால், கண்புரை, நெடுநேரப் பிரசவ வேதனையால் பெண்களுக்கு நேரும் சிறுநீர்க் கசிவுத் துளை எனத் திட்டமிட்ட அறுவையால் தீரக்கூடிய நோய்களை மட்டுமே அது ஏற்கிறது. தீராத நோயோடு வந்தவருக்கு இயலாது என்று கனிவோடு சொல்லி, வலி தணிக்கும் கவனிப்புக்கு வழி செய்கிறது. மொழிபெயர்ப்பாளர் முதல் பராமரிப்புப் பணியாளர் வரை உள்ளூரார் பலரைச் சம்பளம் கொடுத்து அமர்த்துகிறது. உள்ளூர் அறுவை மருத்துவர்களும் மயக்கவியல் பணியாளர்களும் கப்பலில் பயிற்சி பெறுகின்றனர். வருபவர் தமக்குத் தெரிந்த ஒரே வேலையை, பிறர் முன்கூட்டி வகுத்த இடத்தில், பிறர் தொடர்ந்து கவனிக்கப்போகும் நோயாளிக்குச் செய்துவிட்டுச் செல்கிறார். சிமெண்ட் பிளாக் அடுக்கப் பழகாத கையை அடுக்க அனுப்புவதற்கும், முப்பதாண்டுப் பழக்கமுள்ள கையைக் கண்புரை எடுக்க அனுப்புவதற்கும் உள்ள வேறுபாடு அளவிடற்கரியது.

கப்பல் சென்ற பின் என்ன என்ற கேள்வி அங்கேயும் எழுகிறது; அதற்கான விடையை யாழ்ப்பாணத்தில் ஒரு மருத்துவர் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதிவைத்தார். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847-இல் இலங்கை வந்து மானிப்பாயில் மருத்துவப் பணியைத் தொடங்கினார்; இடையில் சில ஆண்டு தாய்நாடு சென்று 1862-இல் திரும்பி, 1873 வரை அங்கே தங்கினார். ஆங்கிலத்தில் பயின்ற மாணவர்கள் அரசாங்கச் சம்பளத்தை நாடிக் கிராமத்தை விட்டு வெளியேறுவதைக் கண்ட அவர், தமிழில் கற்றவரே தமிழ் ஊரில் தங்குவார் என்று முடிவு செய்து, மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கலானார். அதற்கென அவரும் அவருடைய மாணவர்களும் ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழாக்கினர். ‘பிரசவ வைத்தியம்’, ‘இரண வைத்தியம்’ முதலிய நூல்கள் அவ்வாறு வெளிவந்தன. அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் மருத்துவர்கள் அவரிடம் பயிற்சி பெற்றனர். மாணவர்கள் ஐரோப்பிய உடைக்கும் நடைக்கும் மாறுவதை அவர் விரும்பவில்லை. எந்த அறிவைத் தாம் கொண்டுவந்தாரோ அதைத் தாம் இல்லாமலும் நடக்கும்படி பிறர் கையில் ஒப்படைப்பதையே அவர் தம் பணியின் நிறைவாகக் கருதினார். முன்வழி காட்டியவர் ஒருவர் தமிழ் மண்ணிலேயே இருந்தார் என்பது தமிழ்த் திருச்சபை நெஞ்சில் நிறுத்தவேண்டிய செய்தி.

பெறுபவரின் தரப்பிலிருந்து பேசியவரோ ஒரு தமிழர். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே. சா. அசரியா, 1910 ஜூன் மாதம் எடின்பரோவில் கூடிய உலக அருட்பணி மாநாட்டில் பேசினார். சுமார் 1,200 பிரதிநிதிகள் அமர்ந்திருந்த அவையில் ஆசியர் இருபது பேரளவிலேயே இருந்தனர். மிஷனெரிகளின் தியாகத்தையும் உழைப்பையும் நன்றியோடு ஏற்றுக்கொண்ட அவர், அவற்றுக்கு மேலாக இந்தியக் கிறிஸ்தவர் வேண்டுவது சமமான நட்பு என்று வெளிப்படையாகக் கேட்டார். இந்திய ஊழியரைத் தம் வீட்டு உணவு மேசைக்கு அழைக்காத மிஷனெரிகளும் இருப்பதை ஒளிக்காமல் சொன்னார். அவையில் சிலர் முகம் சுளித்தனர். இரண்டாண்டுகளுக்குப் பின் அவர் தோர்னக்கல் பேராயராக, ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆண்டுக்கணக்கில் ஒரே ஊரில் வாழ்ந்தவர்களுக்கே நட்பு கைகூடவில்லை என்று அசரியா கண்டிருக்க, பத்து நாளில் அது அமைந்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அதே சபைக்கு ஆண்டுதோறும் அதே மனிதர்கள் திரும்பத் திரும்பச் செல்வதும், அங்கிருப்போர் இங்கு வர வழி செய்வதும், விழாவுக்கும் துக்கத்துக்கும் கடிதம் எழுதுவதுமாக ஒரு பத்தாண்டு நீடித்தால் அதற்கு இடமுண்டு. ஒவ்வோராண்டும் புதிய நாட்டைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு அது வாய்ப்பதேயில்லை.

சட்டமும் பாதுகாப்பும் குறித்துச் சுருக்கமாகவே சொல்லலாம். 2007 ஜூலையில் ஆப்கானிஸ்தானில் தென்கொரியச் சபையொன்றின் தொண்டர்கள் 23 பேர் தாலிபான்களால் கடத்தப்பட்டு, அவர்களுள் இருவர் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் ஆகஸ்டு இறுதிக்குள் விடுவிக்கப்பட்டனர். அவர்களுடைய துணிவைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆனால் ஒரு குழுவின் வருகை அந்நாட்டில் ஏற்கெனவே அமைதியாக வாழ்ந்துவரும் சிறுபான்மைக் கிறிஸ்தவருக்கும் உதவிப் பணியாளருக்கும் என்ன ஆபத்தைக் கொண்டுவரும் என்பதை அந்நாட்டாரிடம் முதலில் கேட்கவேண்டும். விசாவும் அவ்வாறே. இந்தியா அருட்பணியாளர்களுக்கெனத் தனி விசா வகையை வைத்திருக்கிறது. சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கிப்பவர் நாடு கடத்தப்பட்டால் அவர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார், அவரை அழைத்த உள்ளூர்ச் சபையோ காவல் நிலையத்துக்கு அலைந்துகொண்டிருக்கும்.

இவற்றையெல்லாம் உணர்ந்த அருட்பணி அமைப்புகள் தம்மைத் திருத்திக்கொள்ளவும் முயன்றிருக்கின்றன. 2003-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட குறுகியகால அருட்பணித் தர நெறிகள் ஏழில், அனுப்புவோரும் ஏற்போரும் சேர்ந்தே திட்டமிடுதல் ஒன்றாக இடம்பெற்றது. ஸ்டீவ் கார்பெட், பிரையன் ஃபிக்கர்ட் இருவரும் 2009-இல் வெளியிட்ட நூல், பேரிடரை ஒட்டிய உடனடி நிவாரணம், இழந்ததை மீட்கும் மறுசீரமைப்பு, மக்கள் தம் வலிமையால் எழும் வளர்ச்சி என்ற மூன்றையும் பிரித்துக் காட்டி, வளர்ச்சி வேண்டிய இடத்தில் நிவாரணத்தை இறக்குவதே பெரும் கேடு என்று எடுத்துரைத்தது. புயல் அடித்த மூன்றாம் நாள் அரிசி கொடுப்பது கடமை. மூன்றாம் ஆண்டும் அரிசியே கொடுத்துக்கொண்டிருந்தால் அவ்வூர் உழவர் தம் விளைச்சலை விற்க முடியாமல் போகும். இந்நெறிகள் காகிதத்தில் நன்றாக உள்ளன. அவற்றை நடைமுறைப்படுத்தும் சபைகளும் உள்ளன. ஆனால் பயணச் சீட்டை முன்பதிவு செய்த பிறகே அங்கே என்ன வேலை இருக்கிறது என்று விசாரிக்கும் வழக்கம் இன்னும் ஓயவில்லை.

தமிழ்த் திருச்சபை இன்று பெறும் தரப்பில் மட்டும் இல்லை. 1903-இலேயே திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தம் பணத்தில், தம் நிர்வாகத்தில் இந்திய மிஷனெரிச் சங்கத்தைத் தொடங்கி, நிஜாம் சமஸ்தானத்தின் தெலுங்குப் பகுதிக்கு ஊழியரை அனுப்பினர். அவ்வூழியர்கள் தெலுங்கு கற்று, அம்மக்களிடையே நிலையாகத் தங்கினர். இக்காலத்தில் தமிழ்நாட்டுச் சபைகளின் இளைஞர்கள் வட மாநிலங்களுக்கும் நேபாளத்துக்கும் கோடை விடுமுறையில் குழுவாகச் சென்று வருகின்றனர். புலம்பெயர் நாடுகளில் வளர்ந்த தமிழ் இளையோர் இலங்கையின் வடகிழக்குக்கும் செல்கின்றனர். ஹோண்டுராசுக்குச் சென்றவர்களிடம் கேட்ட கேள்விகள் அனைத்தும் இவர்களுக்கும் உரியவையே. போகும் ஊரின் சபை எழுதிக் கேட்ட வேலை எது, அவ்வேலையைச் செய்யக்கூடியவர் அவ்வூரில் இல்லையா, நாள் நிரலை யார் வகுத்தார், செலவுக் கணக்கின் முழுத் தொகையும் அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டதா, எடுக்கப்போகும் புகைப்படங்களை அவர்கள் ஒப்புவார்களா, ஆறு மாதம் கழித்து யார் விசாரிப்பார் என்பனவற்றுக்கு எழுத்தில் விடை பெற்ற பின்னரே சபைக்குழு பயணத்துக்கு ஒப்புதல் தரவேண்டும். அக்கடிதத்தை எழுதும்போது வேண்டாம் என்று சொல்வதற்கும் அவர்களுக்கு இடம் விட்டு எழுதவேண்டும். அதாவது, வந்தாலும் வராவிட்டாலும் திரட்டிய தொகையில் அவர்கள் கேட்ட பகுதி வந்து சேரும் என்பதை முதல் வரியிலேயே உறுதி கூறவேண்டும். இவ்வாண்டு வேண்டாம் என்று அச்சபை பதில் எழுதினால், பணத்தை அனுப்பிவிட்டு, குழுவினர் அவ்வூர் மொழியைப் படிக்கத் தொடங்கலாம்.